பனியன் கம்பெனிக்கு வந்த ரயில் எஞ்சின்

1. கதவைத் திறந்ததும்

கன்டெய்னர் கதவைத் திறந்ததும் முதல்ல சத்தம் போட்டது நான்தான். "அடியாத்தி, இது என்னது!"ன்னு வாய்விட்டுக் கத்திட்டேன். பக்கத்துல நின்ன, சரக்கைப் பார்த்து வரி போடுற கஸ்டம்ஸ் அப்ரைசர் சார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு, மறுபடி மாட்டிப் பார்த்தாரு. லோடுமேன்கள் ரெண்டு எட்டு பின்னால போயிட்டாங்க.

உள்ளே ஒரு ரயில் எஞ்சின் நிக்குது. மஞ்சள் பெயின்ட் அடிச்ச சின்ன எஞ்சின். நாலு இரும்புச் சக்கரம், ஒவ்வொண்ணுலயும் தண்டவாளத்தைப் பிடிச்சுக்கிற விளிம்பு. முன்னால ஒரு லைட். ஒரு ஆள் ஒடுங்கி உட்காருற மாதிரி ஒரு கூண்டு. பக்கத்துல மரப்பெட்டிகள்ல பேட்டரி.

நான் அப்போ திருப்பூர்ல ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்ல வேலை பார்த்தேன். ரெண்டாயிரத்துக்கு அப்புறம் ஊரே மெஷின் இறக்கிக்கிட்டு இருந்த காலம். வெளிநாட்டுல இருந்து வர்ற சரக்குக்கு பில் ஆஃப் என்ட்ரி போட்டு, வரி கட்டி, கஸ்டம்ஸ் கன்டெய்னர் டிப்போவுல இருந்து வெளியே எடுத்துக் கொடுக்கிறது எங்க பொழப்பு. கன்டெய்னர் தூத்துக்குடித் துறைமுகத்துல இறங்கி, சீல் உடைக்காம லாரியில திருப்பூர் டிப்போவுக்கு வரும். நானும் தூத்துக்குடியில இருந்து வந்தவதான். எனக்கு சீல் மட்டும்தான் வைக்கலை.

அதுவரைக்கும் நான் எடுத்துக் கொடுத்ததெல்லாம் நிட்டிங் மெஷின், ஊசி, சாயம், எம்பிராய்டரி மெஷின், இவ்வளவுதான். ரயில் எஞ்சினை ரயில்வே ஸ்டேஷன்ல பார்த்ததோட சரி.

"என்னம்மா ஸ்டெல்லா, எந்த பனியன் கம்பெனியில ரயில் ஓடுது? எனக்கும் சொல்லு, டிக்கெட் எடுத்துட்டுப் போறேன்"னாரு அப்ரைசர் சார். சிரிச்சாத் தேவலை. அவர் சிரிக்கலை.

இன்வாய்ஸ்ல 'பேட்டரியில ஓடுற ஃபேப்ரிக் ட்ராலி புல்லர், பழசு'ன்னுதான் போட்டிருந்துச்சு. துணி ரோல் ஏத்துன ட்ராலியை இழுக்கிற மெஷின்னு அர்த்தம். அதைப் படிச்சப்பவே எனக்கு என்னமோ உறுத்துச்சு. அதனால ஃபர்ஸ்ட் செக் கேட்டிருந்தேன். பேப்பரை வச்சு சரக்கு என்னன்னு தெரியலைன்னா, 'முதல்ல திறந்து பாருங்க, அப்புறம் வரி போடுங்க'ன்னு நாமளே எழுதிக் கேட்கலாம். அதுக்குத்தான் அந்தப் பேரு. இந்தத் தொழிலுக்குப் புதுசா வர்ற பிள்ளைகளுக்குச் சொல்லுதேன், சந்தேகம் வந்தா ஃபர்ஸ்ட் செக் கேளுங்க. அன்னைக்கு அது மட்டும் கேட்காம இருந்திருந்தா, பொய்ச் சரக்குன்னு எழுதி எஞ்சினையும் முடக்கி, எனக்குக் கஸ்டம்ஸ் கொடுத்த பாஸ் கார்டையும் பிடுங்கியிருப்பாங்க.

2. யாருக்கு வந்த வண்டி

சரக்குக்குச் சொந்தக்காரர் பொன்னுச்சாமி அண்ணன். திருப்பூரை ஒட்டின நெருப்பெரிச்சல்ங்கிற ஊர்ல நிட்டிங்கும் தையலுமா பெரிய கம்பெனி வச்சிருந்தாரு. எங்க ஆபீஸுக்குப் பழைய பார்ட்டி. மரியாதைன்னா அவர்கிட்ட கத்துக்கணும். ஆபீஸ் கூட்டுற அம்மாவைக் கூட 'வாங்க, போங்க'ன்னுதான் பேசுவாரு. டிப்போவுல இருந்தே போன் போட்டேன்.

"ஏனுங்க அம்மிணி, வண்டி நல்லா வந்து சேந்துச்சுங்களா?"

"வண்டியா! அண்ணே, ட்ராலி இழுக்கிற மெஷின்னு சொல்லிட்டு ரயிலையே இறக்கி வச்சிருக்கீங்களே!"

"அதுவும் இழுக்கறதுதானுங்களே அம்மிணி. சித்த இருங்க, நேர்ல வர்றனுங்க."

வந்தாரு. உட்கார்ந்து நிதானமா விஷயத்தைச் சொன்னாரு. அவரும் அவர் மச்சானும் சேர்ந்து, மலைக்குள்ள தண்ணிக் குழாய் போறதுக்குச் சுரங்கம் தோண்டுற வேலையில சப்-கான்ட்ராக்ட் எடுத்திருந்தாங்க. அது எனக்கும் தெரியும். ஏன்னா அந்தச் சுரங்கத்துக்குள்ள எஞ்சின் ஓட்டுறதே என் தம்பி ஜெபராஜ்தான்.

தம்பி முதல்ல பொன்னுச்சாமி அண்ணன் கம்பெனியில அயர்ன் டேபிள்ல நின்னான். வண்டின்னா அவனுக்கு உசிரு. மலைவேலைக்கு ஆள் கேட்டப்போ முதல் ஆளா கையைத் தூக்கினான். உடைச்ச கல்லையும் மண்ணையும் தொட்டி தொட்டியா வெளியே இழுக்கிற டீசல் எஞ்சின் அது. பொந்துக்குள்ள டீசல் எஞ்சின் ஓடுனா என்ன ஆகும்? காத்து ஊதுற பைப் ஒண்ணு போட்டிருந்தாங்க, பாதி நாள் அது கிழிஞ்சு கிடக்கும்.

சனிக்கிழமை சனிக்கிழமை வீட்டுக்கு வருவான். அவன் கைக்குட்டையை நான்தான் அலசிப் போடுவேன். முதல் தண்ணி மை மாதிரி வரும். கோயில் பாட்டுக்குழுவுல உச்சத்துல பாடுறவன், ரெண்டு வரி பாடிட்டு இருமுவான். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். "இந்தப் புகையை விட்டு வெளியே வரணும், இல்லைன்னா நுரையீரல் அவ்வளவுதான்"ன்னு முகத்துக்கு நேரே சொல்லிட்டாரு. வேலையை விடுலன்னா கேட்க மாட்டான். "ஓனர் புகையில்லாத வண்டி வரவழைக்காராம்க்கா, கொஞ்சம் பொறு"ம்பான்.

அந்த வண்டிதான் இது.

"உங்க தம்பிக்குத்தானுங்க அம்மிணி இந்த வண்டியே வருது. வெசனப்படாதீங்க, பேட்டரி வண்டிங்க, ஒரு பொட்டுப் புகை வராதுங்க. நீங்க வெரசா எடுத்துக் குடுத்தீங்கன்னாப் போதுமுங்க"ன்னாரு பொன்னுச்சாமி அண்ணன்.

காலையில கன்டெய்னருக்குள்ள பார்த்துக் கத்துனேனே, அந்த மஞ்சள் எஞ்சின் என் தம்பியோட மூச்சா? அந்த நிமிஷத்துல இருந்து அதை எப்படியாவது மலைக்கு ஏத்திரணும்னு ஒரே வெறி எனக்கு.

3. எந்த நம்பர்

உலகத்துல விக்கிற எல்லாப் பொருளுக்கும் கஸ்டம்ஸ்ல ஒரு நம்பர் உண்டு. நம்பர் மாறினா வரி மாறும், சட்டம் மாறும், சரக்கோட தலையெழுத்தே மாறும். அந்த நம்பரெல்லாம் இருக்கிற எங்க ஆபீஸ் டாரிஃப் புஸ்தகத்தை எப்படி வச்சாலும் நிட்டிங் மெஷின் இருக்கிற 84-வது அத்தியாயத்துலதான் தானா திறக்கும். அன்னைக்குத்தான் முதல் தடவையா 86-வது அத்தியாயத்தைப் பிரிச்சேன். தாள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

பொன்னுச்சாமி அண்ணன் கேட்டது 8448. நிட்டிங் மெஷினோட சேர்ந்து வேலை செய்யிற துணை மெஷின். அதுல போட்டா அவர்கிட்ட இருக்கிற லைசன்ஸ்ல வரும். ஏற்றுமதி பண்றவங்களுக்கு வரியைக் குறைச்சு மெஷின் இறக்க அரசாங்கம் கொடுக்கிற லைசன்ஸ் அது. திருப்பூர்க்காரங்களுக்கு அந்த லைசன்ஸ்னா சொந்தத் தோட்டம் மாதிரி. ஜெனரேட்டரா, ஏசியா, லிஃப்டா, என்னத்தை இறக்கினாலும் 'லைசன்ஸ்ல போட்டுருங்க'ம்பாங்க. ஆனா அதுல ஒரு நிபந்தனை உண்டு. இறக்கின மெஷின் அவங்க ஃபேக்டரியிலயேதான் நிக்கணும்.

அப்ரைசர் சார்கிட்ட போனேன். அவர் ரெண்டாவது நம்பரையும் எடுத்து வச்சாரு. 8709, ஃபேக்டரிக்குள்ள ஓடுற வேலை வண்டி.

"சார், 87-வது அத்தியாயத்துத் தலைப்பைப் பாருங்க. ரயில், டிராம் அல்லாத வண்டிகள்னு போட்டிருக்கு. இது தண்டவாளத்துல மட்டும்தானே ஓடும்?"

"சரி. அப்போ நிட்டிங் மெஷினுக்குத் துணைங்கிறாரே உன் பார்ட்டி?"

"ரயில் வண்டி எதுவும் 84-க்குள்ள வரக்கூடாதுன்னு அந்தப் பிரிவோட குறிப்புலயே இருக்கு சார். இது 8601. மின்சாரத்துல ஓடுற ரயில் எஞ்சின். அதுல, கம்பியில இருந்து கரன்ட் எடுக்கிறது ஒண்ணு, பேட்டரியில ஓடுறது இன்னொண்ணு. இது ரெண்டாவது."

அவர் முதல் தடவையா சிரிச்சாரு. "ஸ்டெல்லா, சரக்கு எதுக்கு வருதுன்னு கேட்கக்கூடாது. அது என்னன்னுதான் கேட்கணும். துணியை இழுத்தாலும் கல்லை இழுத்தாலும் எஞ்சின் எஞ்சின்தான். இதை மறந்துடாதே"ன்னாரு.

சரி, முடிஞ்சுதுன்னு நானும் அப்ரைசர் சாரும் வெளியே வந்தா, பொன்னுச்சாமி அண்ணன் கையைக் கட்டிக்கிட்டு நிக்காரு. "சார், லைசன்ஸ்லயே போட்டுக் குடுங்க சார். வேணும்னா எங்க ஃபேக்டரிக்கு வந்து பாருங்க. தண்டவாளமே போட்டாச்சுங்க."

எனக்கும் அப்ரைசர் சாருக்கும் ஒரே நேரத்துல வாய் பிளந்துருச்சு. தண்டவாளம் போட்டாச்சா?

4. நெருப்பெரிச்சல் ரயில்வே

அப்ரைசர் சார் ஜீப்புலயே நானும் போனேன். ஷெட்டுக்குள்ள காலை வச்சவ அப்படியே நின்னுட்டேன்.

நிஜமாவே தண்டவாளம் போட்டிருக்காங்க! நூல் குடோன் வாசல்ல ஆரம்பிச்சு, நிட்டிங் மெஷினுக்கு நடுவால நெளிஞ்சு, செக்கிங் டேபிளை ஒட்டிக்கிட்டுப் போய், கடைசியில லேடீஸ் பாத்ரூம் சுவத்துல முட்டி நிக்குது. தரையை வெட்டிப் பதிச்ச சிமெண்ட் இன்னும் ஈரம் காயலை. செக்கிங் பிள்ளைகள் பாவாடையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அதைத் தாண்டித் தாண்டிப் போகுதுக. ஒரு பிள்ளை கட்டைவிரல்ல துணி சுத்தியிருந்துச்சு, காலையில தடுக்கி விழுந்துருச்சாம்.

"ஏன் சார், இந்த ரயில் எந்த ஊருக்குப் போகுது?"ன்னு கேட்டாரு அப்ரைசர்.

"ஃபேப்ரிக் ரோல் கொண்டு போறதுக்குங்க."

"பாத்ரூமுக்கா?"

பிள்ளைகள் அத்தனையும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சுச்சுக. பொன்னுச்சாமி அண்ணன் மட்டும் அசரலை. "அதை இன்னும் வளைச்சுப் போடோணும்ங்க, மேஸ்திரி நாளைக்கு வர்றாருங்க"ன்னாரு.

எனக்குச் சிரிப்பு வரலை. லைசன்ஸ்ல போட்டா இந்த எஞ்சின் இங்கேயேதான் நிக்கணும். மலைக்கு ஏத்தினாத் தப்பு. திடீர்னு யாராவது சோதனைக்கு வந்தா, ராத்திரியோட ராத்திரியா திரும்பக் கொண்டு வந்து இங்கே நிறுத்துவாங்க. அப்போ தம்பி கதி?

அவரைத் தனியாக் கூப்பிட்டேன். "அண்ணே, வண்டி இங்க நின்னா என் தம்பி அங்க எதை ஓட்டுவான்?"

"அதெல்லாம் பாத்துக்கலாமுங்க அம்மிணி. எல்லாரும் பண்றதுதானுங்களே."

"எல்லாரும் பண்றது நிட்டிங் மெஷினுக்கு. அதை எந்த ஷெட்டுல வச்சாலும் அது துணிதான் பின்னும். இது உசிரு விஷயம். 8601-ல போட்டு முழு வரியும் கட்டுங்க. அப்புறம் இந்த வண்டி நேரா மலைக்குப் போகலாம், ஒருத்தரும் கேள்வி கேட்க மாட்டாங்க. என் தம்பிக்காகத்தான் வருதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

தலையைக் குனிஞ்சு தண்டவாளத்தையே பார்த்துக்கிட்டு நின்னாரு. அப்புறம், "நீங்க இத்தனை சொல்றீங்க... சரிங்க அம்மிணி, கட்டிப்போடலாமுங்க"ன்னாரு.

நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்டது நிஜம், மனசாரத்தான் கும்பிட்டேன்.

பழைய மெஷின்ங்கிறதால இன்ஜினியர் சர்டிபிகேட் வாங்கணும், அது இதுன்னு இழுத்துச்சு. ஒவ்வொரு டேபிளா நின்னு, கெஞ்சி, சண்டை போட்டு வாங்கினேன். டிப்போ கேட்டைத் தாண்டி லாரி திரும்புறப்போ, தார்ப்பாய்க்கு வெளியே அந்த மஞ்சள் மூக்கு தெரிஞ்சுது. அன்னைக்குச் சாயங்காலம் மாதா கோயில்ல மெழுகுதிரி ஏத்தி வச்சுட்டு வந்தேன்.

5. கைக்குட்டை

அடுத்த சனிக்கிழமை தம்பி வந்தான். கைக்குட்டையை அலசினேன். கறுப்பு.

"வண்டி இப்பத்தானேக்கா ஏறியிருக்கு, பேட்டரி சார்ஜ் போட இடம் கட்டுதாங்க"ன்னான். சரின்னு விட்டேன். அதுக்கு அடுத்த வாரமும் கறுப்பு. "ட்ரையல் ஓட்டுதாங்க"ன்னான். அதுக்கடுத்த வாரம் நான் அலசுறப்போ பக்கத்துல வந்து உட்கார்ந்தான். "அக்கா, நீ அலைஞ்சு எடுத்துக் கொடுத்த வண்டி சூப்பரா ஓடுது. சத்தமே இல்லை"ன்னான். என் கையில ஓடுன தண்ணி அப்பவும் மை மாதிரிதான் இருந்துச்சு.

"ஏலே, நீ எதை ஓட்டுத?"

சோப்பை எடுத்துக் கொடுத்தான்.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு அவன் மலைக்குப் போயிட்டான். திங்கட்கிழமை விடிஞ்சதும் நான் நெருப்பெரிச்சல்ல நின்னேன்.

"வாங்க அம்மிணி, உக்காருங்க, காப்பி சாப்புடுங்க."

"அண்ணே, பழைய டீசல் வண்டி இன்னுமா ஓடுது?"

"ஓடற வண்டிய எதுக்குங்க நிறுத்தறது? ரெண்டும் ஓடுனா வேலை வெரசா முடியுமுங்க. வேலை முடிஞ்சாப் புகையும் முடிஞ்சுதுங்களே."

"புது வண்டி என் தம்பிக்குன்னு சொன்னீங்களே!"

"தம்பிக்குத்தானுங்க வாங்குனேன். ஆனா பாருங்க, பேட்டரி வண்டி சுவிட்சைப் போட்டாப் போவுதுங்க, புதுசா வந்த பையனே ஓட்டறானுங்க. பழசு அப்படி இல்லீங்க. கியர் மக்கர் பண்ணும், தம்பி கையிக்குத்தானுங்க அது பேச்சுக் கேக்குது. தெரிஞ்ச ஆளைத்தானுங்களே அதுல போடோணும்?"

திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். அந்த முகத்துல கள்ளத்தனம் ஒரு துளி இல்லை. வழக்கம்போல அதே மரியாதை, அதே 'ங்க'. சரியான ஆளைச் சரியான வண்டியில உட்கார வச்சிருக்கோம்னு அந்த மனுஷன் நிஜமாவே நம்புறாரு! காப்பியை அப்படியே வச்சுட்டு எந்திரிச்சேன்.

ஆபீஸுக்கு லீவு கூடச் சொல்லலை. பஸ் மாறி மாறி மலைக்குப் போனேன். சுரங்க வாசல்ல வாட்ச்மேன் தடுத்தான். "நான் கஸ்டம்ஸ்ல இருந்து வாரேன்"னு ஒரு அதட்டுப் போட்டதும் ஒதுங்கிட்டான்.

முதல்ல மஞ்சள் வண்டி வந்துச்சு. தம்பி சொன்ன மாதிரியே சத்தமே இல்லை. கூண்டுக்குள்ள ஆசை ஆசையாப் பார்த்தேன். முகம் தெரியாத ஒரு பையன், என்னைப் பார்த்து டாட்டா காட்டிட்டுப் போனான். அதுக்குப் பின்னால பொந்துல இருந்து புகை வந்துச்சு. புகை மட்டும்தான் வந்துச்சு. ரொம்ப நேரம் கழிச்சு அதுக்குள்ள இருந்து எஞ்சின் வந்துச்சு, எஞ்சின்ல என் தம்பி, மூக்குல அந்தக் கைக்குட்டையைக் கட்டிக்கிட்டு.

"அக்கா! நீ என்ன இங்க வந்து நிக்க?"

"இறங்குல."

"ஷிப்ட் முடியலைக்கா."

"இறங்குலன்னா!"

நான் போட்ட சத்தத்துல கல் உடைக்கிறவங்க கூட வேலையை நிறுத்திட்டாங்க. எஞ்சினை ஆஃப் பண்ணாமலே இறங்கினான். அப்படியே பஸ்ஸுல ஏத்திக் கூட்டிட்டு வந்துட்டேன். சம்பள பாக்கி, துணிமணி, டிபன் பாக்ஸ் எல்லாம் மலையிலேயே கிடந்துச்சு, போய்க் கேட்கலை.

6. அதே பக்கத்துல

மறுநாள் ஆபீஸ்ல டாரிஃப் புஸ்தகத்தை எடுத்தேன். இப்போ அது தானாவே 86-ல திறந்துச்சு. 8601, மின்சார ரயில் எஞ்சின். அதுக்கு நேர் கீழே 8602, மத்த ரயில் எஞ்சின்கள். தம்பி ஓட்டுன டீசல் வண்டி அதுதான். புஸ்தகத்துல ரெண்டும் ஒண்ணுக்குக் கீழே ஒண்ணா இருக்கு, சுரங்கத்துல ரெண்டும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா ஓடுச்சு. 8601 வந்துட்டா 8602 போயிரும்னு சட்டத்துல எங்கேயும் எழுதலை. நானாத்தான் நினைச்சுக்கிட்டேன்.

நெருப்பெரிச்சல் தண்டவாளம் அப்புறமும் கிடந்துச்சு. பாத்ரூம் பக்கம் கொஞ்சம் வளைச்சு விட்டு, அதுல ட்ராலியை வச்சுப் பிள்ளைகள் ஃபேப்ரிக் ரோல் தள்ளிக்கிட்டு இருந்துச்சுகளாம். நான் போய்ப் பார்க்கலை. பொன்னுச்சாமி அண்ணன் ஃபைலை எங்க ஆபீஸ்ல வேற ஆள் பார்த்துக்கிட்டாங்க.

இந்தத் தொழிலுக்கு வர்ற பிள்ளைகளுக்கு நான் சொல்றது இதுதான். நம்பர் போடும்போது சரக்கு என்னன்னு மட்டும் கேளுங்க. அப்ரைசர் சார் சொன்னது சத்தியம், அதுல கை வைக்காதீங்க. ஆனா நம்பர் போட்டு, வரி கட்டி, எல்லாம் முடிஞ்சப்புறம் பேனாவை மூடி வச்சுட்டு, இது எங்க போகுது, இது பக்கத்துல யாரு நிக்கப் போறாங்கன்னு ஒரு தடவை கேளுங்க. அதைக் கேட்கக்கூடாதுன்னு எந்தச் சட்டமும் கிடையாது.

தம்பி இப்போ அனுப்பர்பாளையத்துல ஒரு பாத்திரக் கடையில கணக்குப் பார்க்கான். நல்லாத்தான் இருக்கான். பாட்டுக்குழுவுல பாடுறதில்லை, பாட்டுப் புஸ்தகம் எடுத்துக் கொடுப்பான். எங்க வீடு மாடியில. ஏறி வர்றப்போ நடுப்படியில நின்னு செல்போனை எடுத்து எதையோ பார்ப்பான். போன் வந்திருக்காது, மெசேஜும் வந்திருக்காது, எனக்குத் தெரியும். நானும் குனிஞ்சு செருப்பு வாரைச் சரி பண்ணிக்கிட்டு, அவனுக்கு மூச்சு திரும்புற வரைக்கும் அங்கேயே நிப்பேன்.